ஏற்காடு பஸ்ஸில் படிக்க முடியவில்லை, வேறு எப்போது படிப்பது?

அஸ்தம்பட்டி வாசகி:
ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு பஸ். போக வர இரண்டரை மணி நேரம் கையில் இருக்கிறதே என்று புத்தகத்தை எடுத்துப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது வருவதற்குள் தலை சுற்றிக் குமட்டுகிறது. சாயங்காலம் வந்தால் சமையல், பையனின் வீட்டுப்பாடம். பத்து மணிக்குப் படுத்துக்கொண்டு விரித்தால் இரண்டாம் பக்கத்தில் கண் சொக்கிவிடும். பொங்கலுக்கு ஆரம்பித்த நாவலில் இன்னும் 64-ஆம் பக்கத்தில் நிற்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் வாரம் ஒரு புத்தகம் முடித்தவள் நான். அது போய்விட்டதே என்று நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. நீங்களெல்லாம் எப்போது படிக்கிறீர்கள்?

செவ்வாய்பேட்டை கொலுசுக்காரி:
அக்கா, எங்கள் வீட்டில் நாலு பெண்கள் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்குச் சங்கிலி கோக்கிறோம். கண்ணும் கையும் அதிலேயே இருக்கும், புத்தகத்தைத் தொட வழியில்லை. அதனால் என் மகள் வாசிக்கிறாள். பத்தாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்து டீ குடித்ததும் ஒரு அத்தியாயம், சத்தமாக. முதலில் திக்கித் திக்கித்தான் வாசித்தாள். இப்போது ஆள் ஆளுக்குக் குரல் மாற்றுகிறாள். ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பக்கத்து வீட்டு அம்மா கதை என்ன ஆச்சு என்று கேட்டு, கஷாயம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் பையனை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சமையலைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், கோரிமேடு:
வளைவில் படிக்கவே வேண்டாம் அம்மா. கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வண்டி திரும்புவதை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். ஆனால் அடிவாரம் வரை சாலை நேராகத்தானே போகிறது? அந்த 20 நிமிடத்துக்கு நாவல் சரிப்படாது, சிறுகதை எடுத்துப் போங்கள். கிளை நூலகம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பையனையும் கூட்டிப் போங்கள். நம் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறோம். அது நம் பணத்தில் நடக்கிற இடம், உரிமையோடு போகலாம்.

அஸ்தம்பட்டி வாசகி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா, நூலகத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுத்தேன். இன்று அடிவாரம் வருவதற்குள் ஒரு கதை முடிந்தது. புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்தக் கதையில் வருகிற பாட்டியையே நினைத்துக்கொண்டு 20 வளைவும் ஏறினேன். தங்கச்சி, பையன் வாசிக்க ஒத்துக்கொண்டான். ஆனால் நாவல் வேண்டாமாம், அவன் எடுத்த பேய்க்கதைதான் வேண்டுமாம். சரி என்றேன். நேற்று சப்பாத்தி ஒன்று கருகிவிட்டது.