பழைய எம்டி5 பட்டியலைத் தூக்கிப் போடலாமா?

எழுத்தாணி (திரியைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு பழைய ஆவணத் தொகுப்பைப் பராமரித்து வருகிறேன். ஸ்கேன் செய்த பக்கங்கள், புகைப்படங்கள், பிடிஎஃப்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4 லட்சம் கோப்புகள், 3 டெராபைட். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் முழு நகல் இருக்கிறது. 6 வருடத்துக்கு முன் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதன் ஹாஷ்லிப் நூலகம் மூலம் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்துப் பட்டியல் போட்டு வைத்தேன். புதிதாக வரும் கோப்பின் எம்டி5 ஏற்கெனவே பட்டியலில் இருந்தால், அது இரட்டை என்று ஸ்கிரிப்ட் தானே தள்ளிவிடும்.

கூட வேலை செய்பவர் இதைப் பார்த்துவிட்டு, "எம்டி5 எப்போதோ உடைந்துபோனது. எல்லாவற்றையும் ஷா-256 என்ற வலுவான ஹாஷுக்கு மாற்று, பழைய பட்டியலை அழித்துவிடு" என்கிறார். இது கடவுச்சொல்லோ கையெழுத்தோ இல்லையே, மாற்றத்தான் வேண்டுமா?

அச்சாணி

வேண்டாம். எம்டி5 உடைந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், எது உடைந்தது என்று சொல்வதில்லை. 2004-இல் சியாவ்யுன் வாங் குழு காட்டியது மோதல். அதாவது ஒரே எம்டி5 வரும் இரண்டு கோப்புகளை ஒருவரே உட்கார்ந்து உருவாக்க முடியும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பை எடுத்து, அதே எம்டி5 வரும் இன்னொரு கோப்பைச் செய்வது வேறு வேலை. அதை நடைமுறையில் இன்றுவரை யாரும் செய்து காட்டவில்லை.

தற்செயலாக மோதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 லட்சம் கோப்பில் ஜோடிகள் சுமார் 8,000 கோடி. எம்டி5 தரக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். வகுத்தால் தசமப் புள்ளிக்குப் பின் 27 பூஜ்யம் வந்த பிறகுதான் ஓர் இலக்கமே தலைகாட்டும். அதற்குள் உங்கள் டிஸ்க் இரண்டும் பழுதாகியிருக்கும். பயப்பட வேண்டியது டிஸ்க்கைப் பற்றி.

பைத்தான் 3.9-இல் 'யூஸ்ட்ஃபார்செக்யூரிட்டி' என்று ஓர் அளவுருவே கொடுத்திருக்கிறார்கள். அதை ஃபால்ஸ் என்று வைத்தால், 'இது பாதுகாப்புக்காக இல்லை' என்று நூலகத்திடம் நாமே சொல்கிறோம். அப்படி ஒரு தேவை இருப்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

நேர்கோடு

அச்சாணி சொன்ன கணக்கு சரி. ஆனால் எழுத்தாணி கேட்டதில் ஒரு வரியை அவர் கவனிக்கவில்லை. ஸ்கிரிப்ட் ஒப்பிடுவதோடு நிற்கவில்லை, கோப்பைத் தள்ளிவிடுகிறது. ஹாஷை நம்பி ஒன்றைத் தூக்கி எறிகிற இடத்தில், தற்செயல் கணக்கு மட்டும் போதாது.

எழுத்தாணி, ஒரு கேள்வி. புதிய கோப்புகள் எங்கிருந்து வருகின்றன? எல்லாம் நீங்களே ஸ்கேன் செய்ததா, வெளியாட்களும் அனுப்புகிறார்களா?

எழுத்தாணி

பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான். இணையப் படிவம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஏற்றலாம்.

நேர்கோடு

அப்படியானால் விஷயம் முடிந்தது. மோதும் இரண்டு கோப்புகளை ஒருவரே செய்யலாம் என்று அச்சாணியே சொல்லிவிட்டார். ஒருவர் முதலில் ஒன்றை அனுப்புகிறார். பிறகு மற்றதை அவரோ வேறு யாரோ அனுப்பும்போது உங்கள் ஸ்கிரிப்ட் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று கீழே போட்டுவிடும். எம்டி5 மோதலுக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, சாதாரண மடிக்கணினியிலேயே சில நொடிகளில் செய்யலாம். வேறு வேறாகத் தெரியும் இரண்டு படங்களுக்கு ஒரே எம்டி5 வரவைத்தும் காட்டியிருக்கிறார்கள்.

இதில் கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஒரே ஷா-1 (எம்டி5 போல இன்னொரு பழைய ஹாஷ்) வரும் இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டார்கள். வெப்கிட் என்ற உலாவி இயந்திரத் திட்டத்தில் ஒருவர் சோதனைக்காக அந்த இரண்டையும், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சப்வெர்ஷன் களஞ்சியத்தில் சேர்த்தார். சப்வெர்ஷன் இடம் மிச்சம் பிடிக்க ஷா-1-ஐ வைத்துத்தான் இரட்டைகளை அடையாளம் காணும். இரண்டும் ஒன்று என்று அது நம்பியதில் களஞ்சியமே சிக்கிக்கொண்டது. அங்கேயும் ஹாஷ் பாதுகாப்புக்காக இல்லை, இடம் மிச்சத்துக்காகத்தான். எழுத்தாணி தொகுப்பது பிடிஎஃப்கள். அந்த இரண்டு பிடிஎஃப்களை யாராவது நல்ல எண்ணத்தோடு ஆவணமாகவே அனுப்பலாம். எம்டி5-க்கும் அப்படிப்பட்ட ஜோடிகள் ஊரெல்லாம் கிடைக்கின்றன.

அச்சாணி

> ஹாஷை நம்பி ஒன்றைத் தூக்கி எறிகிற இடத்தில்

இந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், படிவம் இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு மருந்து ஷா-256 இல்லை. எறிவதற்கு முன் இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும், அதுதான் மருந்து. ஹாஷ் ஒத்துப்போகும்போது மட்டும் ஒப்பிட்டால் போதும், பெரிய செலவில்லை.

பைத்தானில் இதற்கு ஃபைல்சிஎம்பி என்ற தொகுதி இருக்கிறது, ஆனால் கவனம். அதன் சிஎம்பி செயற்கூறு இயல்பாக 'ஷாலோ' முறையில் ஓடும். கோப்பின் வகை, அளவு, மாற்றிய நேரம் மூன்றும் ஒன்றாக இருந்தால், உள்ளே திறந்துகூடப் பார்க்காமல் 'ஒன்றுதான்' என்று சொல்லிவிடும். ஷாலோ=ஃபால்ஸ் என்று கொடுத்தால்தான் உள்ளடக்கத்தைப் படிக்கும்.

நேர்கோடு

ஒப்பீடு நல்லதுதான், அதையும் சேர்க்கட்டும். ஆனால் புதிதாகக் கணக்கிடும் எதற்கும் எம்டி5 எடுப்பதற்கு இன்று ஒரு காரணமும் இல்லை. வேகம் என்பீர்கள். ஷா-256-க்கென்று தனிக் கட்டளைகள் உள்ள பிராசசர்களில் அது எம்டி5-ஐவிட வேகமாகவே ஓடும். அது இல்லாத 64-பிட் இயந்திரத்தில் பிளேக்2பி என்ற வேகமான ஹாஷ் இருக்கிறது, பைத்தான் 3.6-இலிருந்து ஹாஷ்லிப்பிலேயே வருகிறது. பாதுகாப்பு விதி கடுமையாக வைத்த சில இயந்திரங்களில் ஹாஷ்லிப்.எம்டி5 என்று கூப்பிட்டாலே பிழை காட்டி நின்றுவிடும். அச்சாணி சொன்ன அளவுரு வந்ததே அதைத் தாண்டத்தான்.

புதுமுகம்23

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அப்படியானால் பயனர் கடவுச்சொற்களையும் ஷா-256-இல் போட்டு வைக்கலாமா?

அச்சாணி

கூடாது. வேகமாக ஓடும் எந்த ஹாஷும் கடவுச்சொல்லுக்கு ஆகாது. திருடியவனும் அதே வேகத்தில் ஊகித்துப் பார்ப்பான். ஹாஷ்லிப்பிலேயே வேண்டுமென்றே மெதுவாக ஓடும் எஸ்கிரிப்ட் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி சால்ட்டோடு (கடவுச்சொல்லுடன் சேர்க்கும் தற்செயல் மதிப்பு) அதைப் பயன்படுத்துங்கள்.

நேர்கோடு

இதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து.

எழுத்தாணி

நேற்று இரவு நேர்கோடு சொன்னபடி ஷா-256-ஐச் சேர்த்தேன். எம்டி5-ஐயும் விடவில்லை. பைத்தான் 3.11-இல் வந்த ஃபைல்_டைஜெஸ்ட் செயற்கூறு கோப்பைத் துண்டு துண்டாகப் படிப்பதை அதுவே பார்த்துக்கொள்வதால், கோப்பைப் பைனரி மோடில் திறந்து, முதல் வரியில் எம்டி5, அடுத்த வரியில் ஷா-256 என்று எழுதினேன். இரண்டு டிஸ்க்கிலும் ஒரு சின்ன அடைவை ஓட்டி ஷா-256 மதிப்புகளை ஒப்பிட்டால் எல்லாம் பொருந்துகிறது, ஒரு பிழைகூட இல்லை. மகிழ்ச்சி. ஆனால் பட்டியலைத் திறந்தால் எல்லாக் கோப்புக்கும் 'ஈ3பி0சி44298எஃப்சி1சி14' என்றே தொடங்குகிறது. நூலகத்தில் ஏதாவது பிழையா?

ஓலை

நூலகத்தில் பிழை இல்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடைசி எட்டு எழுத்து 7852பி855 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஒன்றுமே இல்லாததன் ஷா-256. பூஜ்யம் பைட் கொடுத்தால் வருவது அதுதான். எம்டி5-க்கு அது டி41டி8சிடி98எஃப்00 என்று தொடங்கும். இரண்டின் முதல் சில எழுத்துகளையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

நடந்தது இது. முதல் வரி எம்டி5-க்காகக் கோப்பைக் கடைசிவரை படித்துவிட்டது. படிக்கும் இடம் இப்போது கோப்பின் முடிவில் நிற்கிறது. இரண்டாவது வரி அங்கிருந்து படிக்கத் தொடங்குகிறது, மிச்சம் ஒன்றும் இல்லை. பிழை எதுவும் காட்டாது, வெறுமைக்கு ஒழுங்காக ஒரு டைஜெஸ்ட் (ஹாஷ் மதிப்பு) கணக்கிட்டுத் தரும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே வெறுமை. பொருந்தாமல் என்ன செய்யும்?

இரண்டு ஹாஷ் பொருள்களையும் முதலிலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள். லூப்பில் 1 மெகாபைட் துண்டாகப் படித்து, அதே துண்டை இரண்டின் அப்டேட்டுக்கும் கொடுங்கள். டிஸ்க்கை ஒருமுறை படித்தால் போதும். முடிந்ததும் இரண்டிலும் ஹெக்ஸ்டைஜெஸ்ட். துண்டு துண்டாகக் கொடுத்தாலும் மொத்தமாகக் கொடுத்தாலும் விடை ஒன்றுதான். அப்புறம், படித்த மொத்த பைட் எண்ணிக்கையையும் பட்டியலில் எழுதுங்கள். அது கோப்பின் அளவோடு ஒத்துப்போகாவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

அச்சாணி

நான் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான், ஓலை அழகாகப் பிடித்துவிட்டார். எந்த அல்காரிதம் என்று நாம் இங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே அதற்குள் போகும் பைட் எது என்று யாரும் பார்க்கவில்லை. உலகத்திலேயே வலுவான ஹாஷ், ஒரு பைட்கூடப் படிக்காமல், 'எல்லாம் சரி' என்றது.

ஓலை

பைட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் உரைத் தொகுப்புகளோடு வேலை செய்பவன். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்றாகச் சேர்ந்தால் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 6 பைட். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக வந்தால் 9 பைட். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது, டைஜெஸ்ட்டோ முற்றிலும் வேறு. ஒரு கட்டுரைப் பட்டியலில் ஒரே தலைப்பு இரண்டு முறை வந்ததற்குக் காரணம் தேடி இரண்டு நாள் போயிற்று. யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூற்றை என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்தில் ஓட்டிவிட்டு ஹாஷ் எடுத்தால் இது தீரும்.

இதிலும் தீராத ஒன்று உண்டு. 'கௌ' எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ள எழுத்தைத் தட்டியிருப்பார்கள். அது வேறு எழுத்து, என்எஃப்சி அதைத் தொடாது. கண்ணால் தேடித்தான் திருத்தினேன்.

எழுத்தாணி, உங்கள் ஸ்கேன் கோப்புகளுக்கு இது வேண்டாம், அவற்றைப் பைட் மாறாமல் அப்படியே ஹாஷ் செய்யுங்கள். விவரப் பட்டியலில் உள்ள தலைப்புகளை ஒப்பிடுவதானால் மட்டும்.

நேர்கோடு

அச்சாணி, கவனக்குறைவாக எழுதினால் எந்த ஹாஷும் பயன்படாது என்பது உண்மை. அதனால் பலவீனமான ஹாஷ் போதும் என்று ஆகிவிடாது. இப்போது ஸ்கிரிப்ட் சரியாகிவிட்டது. இனி ஷா-256 பட்டியல் எடுத்ததும் பழையதை அழித்துவிடலாம். இரண்டு பட்டியல் இருந்தால் எதை நம்புவது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

அச்சாணி

இதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நேர்கோடு, கொஞ்சம் யோசியுங்கள். இன்று எடுக்கும் ஷா-256 என்ன சொல்லும்? இந்தக் கோப்பு இன்று எப்படி இருக்கிறது என்று சொல்லும். 6 வருடத்துக்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு அந்த எம்டி5 பட்டியலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இடையில் ஒரு கோப்பு கெட்டுப்போயிருந்தால், கெட்ட கோப்புக்கு ஒரு புத்தம்புதிய ஷா-256 போட்டு, இதுதான் அசல் என்று நாமே முத்திரை குத்திவிடுவோம். டிஸ்க் சுயமாகக் கெடும்போது மோதலைத் திட்டமிட்டுச் செய்யாது. அந்த வகைக் கேட்டைப் பிடிக்க எம்டி5 தாராளமாகப் போதும்.

எழுத்தாணி, இரண்டு டிஸ்க்கையும் ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். எம்டி5 பொருந்தும் கோப்புக்கு மட்டும் புதிய பட்டியலில் ஷா-256 எழுதுங்கள்.

நேர்கோடு

அழிக்கச் சொன்னது தவறு, திரும்பப் பெறுகிறேன். பழையதோடு சரிபார்த்துவிட்டுப் புதியதைப் பதிவதே சரியான வரிசை. படிவத்தில் வரும் புதிய கோப்புகளுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே ஷா-256 என்பதில் மாற்றமில்லை.

அச்சாணி

அதில் இனி நான் சண்டை போட மாட்டேன். எறிவதற்கு முன் பைட் ஒப்பீடு இருக்கட்டும், அது போதும்.

எழுத்தாணி

மூன்று நாள் கழித்து வருகிறேன். ஒரு டிஸ்க்குக்கு 7 மணி நேரம் ஆனது. எம்டி5 மட்டும் எடுத்தபோதும் ஏறத்தாழ அதே நேரம்தான், டிஸ்க் படிக்கிற வேகம்தான் எல்லை. படித்த பைட் எண்ணிக்கையும் கோப்பின் அளவும் எல்லாவற்றிலும் ஒத்துப்போயின.

முதல் டிஸ்க்கில் 11 கோப்புகள் பழைய எம்டி5-ஓடு பொருந்தவில்லை. அவற்றில் 9 இரண்டாவது டிஸ்க்கில் நன்றாக இருந்தன, அங்கிருந்து எடுத்துச் சரிசெய்துவிட்டேன். மீதி 2 கோப்புகள் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரிக் கெட்டிருக்கின்றன. கெட்ட பிறகு பேக்கப் எடுத்திருக்கிறேன் போல. டிஸ்க்கோடு டிஸ்க்கை ஒப்பிட்டிருந்தால் அந்த இரண்டும் சரி என்றே வந்திருக்கும். ஒன்று புகைப்படம், திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம்தான் தெரிகிறது. இன்னொன்று கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கம். அதன் தாள் இன்னும் பத்திரமாக இருக்கிறது, நாளை மறுபடி ஸ்கேன் செய்கிறேன். புகைப்படத்தை அனுப்பியவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், அவரிடம் அசல் இருக்க வேண்டும்.