ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள்: முதலீட்டாளருக்கும் கம்பெனிகளுக்கும் ஒரே பிட்ச் டெக் போதுமா?

நொய்யல்கரை:

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து திருப்பூரில் ஒரு மென்பொருள் செய்து விற்கிறோம். பனியன் கம்பெனிகள் நூலை நிட்டிங்குக்கும், துணியைச் சாயப்பட்டறைக்கும், அப்புறம் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), பிரிண்டிங் என்றும் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தர, வெளியே அனுப்புவார்கள் அல்லவா? அப்போது போடும் ஒவ்வொரு டி.சி.யையும் (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) எடையோடு பதிவு செய்து, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும். 14 கம்பெனிகள் மாதம் 4,000 ரூபாய் கட்டிப் பயன்படுத்துகிறார்கள். ஆரம்பித்த பிறகு யாரும் விட்டுப் போகவில்லை.

75 லட்சம் முதலீடு தேடுகிறோம். 27 ஸ்லைடில் ஒரு பிட்ச் டெக் (தொழிலை விளக்கிக் காட்டும் ஸ்லைடுகள்) தயார் செய்தோம். முதலில் எங்கள் தொலைநோக்கு, பிறகு இந்திய ஜவுளித் துறை பற்றி நான்கு ஸ்லைடு, திருப்பூர் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடிக்கு மேல் என்று ஒரு பெரிய படம், அப்புறம் மென்பொருளின் வசதிகள், கடைசியில் ஐந்தாண்டு வருமானக் கணிப்பு. மின்னஞ்சலில் அனுப்பிய முதலீட்டாளர்கள் யாரும் அடுத்த சந்திப்புக்குக் கூப்பிடவில்லை. அதே டெக்கை ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் போட்டுக் காட்டினோம். ஆறாவது ஸ்லைடிலேயே முதலாளி, "சரி தம்பி, இது எனக்கு என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டார்.

எத்தனை ஸ்லைடு வேண்டும், எந்த வரிசையில்? இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டுமா? டிசைனரிடம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

அச்சுக்கோப்பு:

சென்னையில் எனக்கு இதுதான் தொழில், சிறு நிறுவனங்களுக்கு டெக் எழுதி வடிவமைத்துக் கொடுப்பது. டிசைனரிடம் இப்போதே போகாதீர்கள். உங்கள் டெக்குக்கு வேண்டியது முதலில் எழுத்து வேலை.

முதலாளி கேட்ட அந்தக் கேள்வியில் எல்லாமே இருக்கிறது. டெக்கைத் திறப்பவர் மனதில் இரண்டு மூன்று சந்தேகங்கள் இருக்கும். ஒவ்வொரு ஸ்லைடும் அதில் ஒன்றைத் தீர்க்க வேண்டும், தீர்க்காத ஸ்லைடை எடுத்துவிடலாம். முதலீட்டாளருக்கு "இது எவ்வளவு பெரிதாக வளரும், இந்த மூன்று பேரால் முடியுமா" என்பது சந்தேகம். பனியன் கம்பெனி முதலாளிக்கு "என் துணி எங்கே குறைகிறது, என் ஆட்கள் இதை ஓட்டுவார்களா, என் கணக்கு வெளியே போய்விடுமா" என்பது சந்தேகம். இரண்டுக்கும் ஒரே டெக்கில் பதில் சொல்லப் போனால் இரண்டு பேருமே பாதியில் விட்டுவிடுவார்கள். எனவே இரண்டு டெக்.

லிங்க்ட்இன் 2004-இல் கிரேலாக் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் முதலீடு கேட்டபோது காட்டிய டெக்கை, அதன் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன் 2013-இல் குறிப்புகளோடு வெளியிட்டார். தேடிப் படியுங்கள். அன்றைக்கு அவர்களுக்கு வருமானமே கிடையாது. முதலீட்டாளர் முதலில் கேட்கப் போவதும் அதைத்தான். ஹாஃப்மன் அந்தக் குறிப்புகளில் சொல்வது, எந்த ஆட்சேபம் பெரிதாக வருமோ அதைத் தள்ளிப் போடாமல் முன்னாலேயே எடுத்துப் பேசிவிடுங்கள் என்பதுதான். உங்கள் டெக்கில் பெரிய ஆட்சேபம் எது? 14 வாடிக்கையாளர், மாதம் மொத்தம் 56,000 ரூபாய். இதை 22-ஆம் ஸ்லைடில் சின்ன எழுத்தில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை இரண்டாவது ஸ்லைடுக்குக் கொண்டு வாருங்கள். "14 கம்பெனிகள் பணம் கட்டுகின்றன, இதுவரை ஒன்றும் விலகவில்லை" என்பது நீங்கள் சொல்லக்கூடிய மிக வலுவான வாக்கியம். ஜவுளித் துறையின் வரலாறு நான்கு ஸ்லைடு போன பிறகு அது வந்தால் யார் கண்ணிலும் படாது.

நேரமும் குறைவு. டெக் போன்ற ஆவணங்களை இணையத்தில் பகிர உதவும் டாக்செண்ட் நிறுவனம் 2015-இல் 200 ஸ்டார்ட்அப்களின் டெக்குகளை வைத்து ஆய்வு செய்தபோது, ஒரு டெக்கில் முதலீட்டாளர் செலவிட்ட சராசரி நேரம் 3 நிமிடம் 44 விநாடி என்று வந்தது. அதிலும் அதிக நேரம் நின்றது நிதிக் கணக்கு, குழு, போட்டியாளர் ஸ்லைடுகளில். 27 ஸ்லைடுக்கு அந்த நேரத்தைப் பங்கு போட்டால் ஒன்றுக்கு எட்டு விநாடி.

இப்போது ஒரே ஒரு ஸ்லைடை எடுத்துக் காட்டுகிறேன். உங்கள் பிரச்சினை ஸ்லைடுக்குத் தலைப்பு "பிரச்சினை" என்றே இருக்கும். கீழே "வெளிப்படைத்தன்மை இல்லாமை, கையால் எழுதும் பதிவுகள், தாமதமான தகவல்" என்று புள்ளி வைத்த வரிகள் இருக்கும். அதற்குப் பதிலாக:

தலைப்பு: "சாயப்பட்டறையில் எவ்வளவு துணி குறைந்தது என்பது மாதக் கடைசியில்தான் முதலாளிக்குத் தெரிகிறது."

கீழே ஒரே ஒரு டி.சி.யின் கதை. அனுப்பிய க்ரே துணி (சாயமிடாதது) 1,000 கிலோ. பேசிய ப்ராசஸ் லாஸ் (சாயமிடும்போது இயல்பாகக் குறையும் எடை) 6 சதவீதம், ஆக 940 கிலோ வர வேண்டும். வந்தது 908. குறைவு 32 கிலோ. கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் 12,800 ரூபாய், ஒரே ஒரு டி.சி.யில்! உண்மையான ஒரு டி.சி.யின் படத்தைப் பக்கத்தில் போடுங்கள், கம்பெனி பெயரை மறைத்துவிட்டு. எண்ணும் உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் உண்மை எண்ணாக இருக்கட்டும், நான் போட்டது மாதிரிக்கு. எந்த ஊர் முதலீட்டாளராக இருந்தாலும், ப்ராசஸ் லாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவராக இருந்தாலும், இந்த ஸ்லைடு அவருக்குப் புரியும்.

கவனியுங்கள், தலைப்பே முழு வாக்கியம். எல்லா ஸ்லைடுக்கும் அப்படித்தான் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். கதை புரிந்தால் டெக் தயார். புரியாவிட்டால் எந்த டிசைனராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

பயணிகளுக்கு வீடுகளில் அறை வாடகைக்குக் கிடைக்கச் செய்யும் ஏர்பிஎன்பியின் ஆரம்ப கால டெக் இணையத்தில் கிடைக்கிறது. பார்வைக்கு மிகச் சாதாரணமானது. ஆனால் இப்படி ஒரு சேவையை மக்கள் பயன்படுத்துவார்களா என்ற சந்தேகத்துக்கு, பிறர் வீட்டில் இலவசமாகத் தங்க உதவும் கவுச்சர்ஃபிங் தளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கிரெய்க்ஸ்லிஸ்ட் விளம்பரத் தளத்தில் எத்தனை விளம்பரங்கள் வருகின்றன என்று ஒரு ஸ்லைடில் பதில் வைத்தார்கள். எப்படிச் சம்பாதிப்பீர்கள் என்றால் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 10 சதவீதம் கமிஷன். அவ்வளவுதான்.

சந்தை அளவுக்கு வருகிறேன். 30,000 கோடி ஏற்றுமதி உங்கள் சந்தை இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலீட்டாளர் உங்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார். கீழிருந்து கூட்டுங்கள். மாதம் 4,000 என்றால் ஆண்டுக்கு 48,000. திருப்பூரில் உங்களால் சென்று சேர முடிகிற கம்பெனிகள் 2,000 என்று வைத்தால் 9 கோடியே 60 லட்சம். ஒரு நல்ல தொழிலுக்கு இது தாராளம். பெரிய நிதி நிறுவனத்துக்கு இது சிறியது, உடனே "அடுத்து எங்கே?" என்று கேட்பார். லூதியானாவில் பின்னலாடை இருக்கிறது, சூரத்தில் ஜவுளி ஜாப் ஒர்க் இருக்கிறது. அங்கேயும் இதே டி.சி. பிரச்சினை உண்டா என்று போய்ப் பார்த்திருந்தால் ஒரு ஸ்லைடு அதற்கு. பார்க்கவில்லை என்றால் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வடிவம் பற்றிக் கொஞ்சம். தொழில் பற்றி எழுதும் கய் கவாசாகி சொன்ன 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயிண்ட் அளவுக்குக் குறையாத எழுத்து என்ற விதி, நேரில் நின்று பேசுவதற்கு இன்றும் சரி. மின்னஞ்சலில் போகும் பிரதியில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள், எனவே ஒவ்வொரு ஸ்லைடிலும் இரண்டு வரி விளக்கம் கூடுதலாக இருக்கலாம். எப்போதும் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். தமிழ் எழுத்துரு வேறு கணினியில் உடைந்து கட்டம் கட்டமாக வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அனுப்பும் முன் உங்கள் போனில் திறந்து பாருங்கள், ஏனென்றால் பலரும் போனில்தான் திறப்பார்கள். மென்பொருளின் திரையை முழுதாகச் சுருக்கிப் போடாதீர்கள், எண் தெரியும் மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போடுங்கள்.

பின்னலாடை:

நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஃபேப்ரிக் பிரிவில் இருக்கிறேன். மென்பொருள் விற்க வருகிறவர்கள் எல்லாரையும் முதலாளி என்னிடம்தான் அனுப்புவார். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு டெக்கே வேண்டாம், ஐந்து பக்கம் போதும். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்பது ஒரு வரி. அடுத்து மேலே அச்சுக்கோப்பு சொன்ன 32 கிலோ கணக்கு. அதை எங்கள் டி.சி.யிலேயே போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. வருவதற்கு முந்தின நாள் போன மாதத்து டி.சி. பத்து கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்போம். அதை ஏற்றிக்கொண்டு வந்து "உங்கள் துணி இங்கே நிற்கிறது" என்று காட்டுகிற ஆளிடம் நான் வேறு கேள்வியே கேட்க மாட்டேன்.

எல்லாரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. இதைத் தினமும் ஓட்டப் போவது முதலாளி இல்லை. குடோனில் எடை போடுகிற அண்ணனும், ஆபீசில் டி.சி. போடுகிற அக்காவும்தான். "டி.சி. போட எத்தனை நிமிடம், கரண்ட் போனால் என்ன, நெட் இல்லாவிட்டால் என்ன, தமிழில் வருமா" என்று அந்த அக்கா கேட்பார். அதற்கு ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். அவர் "இது வேலைக்கு ஆகாது சார்" என்று சொல்லிவிட்டால் முதலாளி வாங்கினாலும் இரண்டு மாதத்தில் மூலையில் கிடக்கும்.

எங்கள் சாயப்பட்டறை விலை, பார்ட்டி பெயர் எல்லாம் உங்கள் கணினியில் இருக்கும். பக்கத்துக் கம்பெனியும் உங்கள் வாடிக்கையாளர். யார் எதைப் பார்க்க முடியும் என்று எழுத்தில் கொடுங்கள். இந்தப் பயம் எல்லா முதலாளிக்கும் உண்டு, வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் விலையை வெளிப்படையாகப் போடுங்கள். "பேசிக்கொள்ளலாம்" என்று எழுதினால் பேரம் பேசத்தான் கூப்பிடுவோம்.

கணக்குப்பிள்ளை:

ஆடிட்டர் என்ற முறையில் சில விஷயங்கள்.

வாடிக்கையாளர் டெக்கில் ஜிஎஸ்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்று சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்கிறது. வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி, வரியும் வட்டியும் வரும். ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவம் வேறு இருக்கிறது. விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, குறைவு என்றால் ஆண்டுக்கு ஒரு முறை. டி.சி. எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அந்தப் படிவத்துக்கான விவரத்தை ஒரே அழுத்தலில் எடுத்துக் கொடுக்க முடிந்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவு உங்கள் பக்கம் வந்துவிடும்.

முதலீட்டாளர் டெக்கில் ஐந்தாண்டுக் கணிப்பைச் சுருக்குங்கள். 75 லட்சம் எதற்கு, எத்தனை மாதத்துக்கு, அது தீரும்போது எத்தனை கம்பெனிகள் இருக்கும் என்பதுதான் கேள்வி. 18 மாதம் என்றால் மாதம் சுமார் 4 லட்சம் செலவு. அதில் விற்பனைக்கு எத்தனை பேர், உருவாக்கத்துக்கு எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டுங்கள். மூன்று பேருக்கும் பங்கு எவ்வளவு என்பதையும் தயாராக வைத்திருங்கள், டெக்கில் போடாவிட்டாலும் முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். பதிவு செய்து இரண்டு ஆண்டு ஆகாத கம்பெனிகளுக்கு மத்திய அரசு 2021-இல் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் திட்டத்தைத் தொடங்கியது, இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பாருங்கள். அதில் இன்குபேட்டர்கள் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்கள்) வழியாக மானியம் 20 லட்சம் வரை, கடன் அல்லது பங்காக மாறும் பத்திரமாக 50 லட்சம் வரை கொடுத்தார்கள். அங்கே குழுவின் முன் நின்று பேசுவதற்கும் இதே முதலீட்டாளர் டெக்தான் உதவும். 100 கம்பெனி சேர்ந்தால் ஆண்டுக்கு 48 லட்சம் வருமானம். வெளி முதலீடே தேவையா என்று அப்போது நீங்களே முடிவு செய்யலாம்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து முதலீட்டாளர் டெக்குக்குத் தலைப்புகள் மட்டும் எழுதினோம்:

1. திருப்பூர்க் கம்பெனிகள் வெளியே அனுப்பும் துணிக்கு நாங்கள் கிலோ கணக்கு வைக்கிறோம்.
2. 14 கம்பெனிகள் மாதம் 4,000 ரூபாய் கட்டுகின்றன, ஒன்றும் விலகவில்லை.
3. துணி எங்கே குறைந்தது என்று மாதக் கடைசியில்தான் தெரிகிறது.
4. எங்கள் மென்பொருளில் அன்றைக்கே தெரியும்.
5. எக்செலும் நோட்டும்தான் எங்கள் முக்கியப் போட்டி.
6. திருப்பூரில் மட்டும் ஆண்டுக்கு 9.6 கோடி வாய்ப்பு.
7. எங்கள் குழு.
8. 75 லட்சத்தில் 18 மாதத்தில் 150 கம்பெனிகள்.

அச்சுக்கோப்பு:

ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. ஐந்தாவது எனக்கு மிகவும் பிடித்தது, "எங்களுக்குப் போட்டியே இல்லை" என்று எழுதாமல் உண்மையை எழுதியிருக்கிறீர்கள். அதில் ஏற்கெனவே ஈஆர்பி (கம்பெனியின் எல்லா வேலைகளையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளையும் சேருங்கள், அவர்கள் ஏன் உங்களையும் வாங்க வேண்டும் என்ற கேள்வி நிச்சயம் வரும்.

ஏழாவது மட்டும் இன்னும் வாக்கியமாகவில்லை. உங்கள் மூவரில் யாராவது சாயப்பட்டறையிலோ நிட்டிங்கிலோ வேலை பார்த்திருக்கிறீர்களா? இருந்தால் அதுதான் தலைப்பு. படித்த கல்லூரியின் முத்திரை கீழே சின்னதாக வந்தால் போதும். எட்டாவதில் 14-லிருந்து 150-க்கு எப்படிப் போவீர்கள் என்ற வழி வேண்டும். இந்த 14 கம்பெனிகளும் உங்களிடம் எப்படி வந்தார்கள், ஒருவர் சொல்லி இன்னொருவரா, நீங்கள் கதவு கதவாகத் தட்டியா என்று எழுதி அனுப்புங்கள், அதற்கான ஸ்லைடைச் சேர்ந்து பார்க்கலாம்.