ஆற்றில் உருண்ட கல்லா, கையில் பிடித்து இடித்த கல்லா?

கூழாங்கல்:
ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. வெட்டுக்கருவி என்றால் சரி, கூர் இருக்கிறது, செதில் (கல்லிலிருந்து பெயரும் மெல்லிய சில்லு) பெயர்த்த தடம் வரிசையாகத் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உருண்டையான கல்லில் நாலு குழி இருந்தாலே இடிகல் (கையில் பிடித்து அடிக்கும் கல்), பட்டடைக்கல் (கீழே வைத்து அடி வாங்கும் கல்) என்று பெயர் வைத்து ஆதிமனிதன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆற்றில் வரும் கல்லும் மற்ற கற்களோடு மோதிக்கொண்டுதானே வருகிறது?

அகழ்வாளன்:
மோதுகிறது, எங்கே மோதுகிறது என்பதுதான் கேள்வி. உருளும் கல்லுக்கு மேல் கீழ் கிடையாது, அடி எல்லாப் பக்கமும் விழும், விழுந்த தழும்பும் மறுபடி தேய்ந்து மழுங்கும். இடித்த கல்லில் தழும்பு ஒரு முனையிலோ ஒரு முகத்தின் நடுவிலோ குவிந்திருக்கும், கை பிடித்த பக்கம் பழைய வழுவழுப்போடு அப்படியே இருக்கும். கீழே வைத்த பட்டடைக்கல்லில் தட்டையான முகத்தின் நடுவே குழி விழும், விளிம்பில் அடி பட்ட இடத்தில் சின்னச் சின்னச் செதில்கள் படிபடியாகப் பெயர்ந்திருக்கும்.
நானே குவார்ட்சைட் என்ற கெட்டியான கல்லை வைத்துக் கெட்டி ஓட்டுக் கொட்டைகளை நாள்கணக்கில் உடைத்துப் பார்த்தேன். கொட்டையால் தழும்பு வரவே நேரமாகிறது. குறி தப்பிக் கல்லும் கல்லும் மோதும்போதுதான் படிகம் நொறுங்கி வெள்ளைப் புள்ளி விழுகிறது, அந்தப் புள்ளிகள் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஆற்றுக் கல்லில் இந்த அடுக்கை நான் பார்த்ததில்லை.

பாறைமொழி:
நல்ல நிலையில் உள்ள கல்லுக்கு இது பொருந்தும். சுண்ணாம்புக்கல் பல லட்சம் வருடம் மண்ணுக்குள் கிடந்தால் மேற்பரப்பே அரித்துப் போகிறது, அப்புறம் அரிப்புக் குழி எது அடிபட்ட குழி எது என்று பிரிப்பது பெரும்பாடு. அதனால் நான் முதலில் பார்ப்பது கல் கிடந்த மண்ணைத்தான். மெல்லிய வண்டலுக்கு நடுவே சில கிலோ எடையுள்ள கல் கிடந்தால், அதை உருட்டிவரும் வேகம் அந்தத் தண்ணீருக்கு இருந்திருக்காது.

கூழாங்கல்:
சரி, தண்ணீர் இல்லை. குரங்காக இருக்கலாமே? பிரேசிலில் கப்புச்சின் குரங்குகள் கல்லால் கல்லை அடிக்கும்போது மனிதன் பெயர்த்தது போலவே செதில்கள் விழுகின்றன என்று 2016-இல் வெளியானது, அவை அந்தச் செதிலை எடுத்துப் பயன்படுத்துவதே இல்லை. 2023-இல் தாய்லாந்துக் குரங்குகள் எண்ணெய்ப்பனைக் கொட்டையை உடைக்கும்போதும் அதே கதை. செதிலுக்கே இந்த நிலைமை என்றால் வெறும் குழியை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

அகழ்வாளன்:
நியாயமான கேள்வி, அந்த ஆய்வுகள் வந்தபின் எங்கள் துறையில் பலரும் பழைய சேகரிப்புகளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் "யார்" என்பதையும் ஓரளவு பிரிக்க முடிகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் தாய் (Taï) என்ற காட்டில் 4,300 ஆண்டுப் பழமையான கற்களைச் சிம்பன்சிகளுடையவை என்று 2007-இல் முடிவு செய்தார்கள். மனிதக் கைக்குப் பொருந்தாத பெரிய கற்கள், அவற்றில் ஒட்டியிருந்த மாவுத்துகள் சிம்பன்சிகள் உடைக்கும் கொட்டைகளுடையது. இரண்டும் சேர்ந்துதான் அந்த முடிவு.
அடுத்து இஸ்ரேலின் கெஷர் பெனோட் யாகோவ் அகழாய்வு இடம், சுமார் 7,80,000 ஆண்டுகள் பழமை. தண்ணீர் தேங்கிய மண் என்பதால் கொட்டை ஓடுகளே மட்காமல் கிடைத்தன, கூடவே குழி விழுந்த கற்கள் ஐம்பதுக்கும் மேல். அங்கே குழியை மட்டும் வைத்து யாரும் பேசவில்லை, உடைக்கப்பட்ட பொருளே பக்கத்தில் கிடக்கிறது.

சாரல்:
நடுவில் ஒன்று கேட்கிறேன். தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் தொல்லியலாளர் மேரி லீக்கி எடுத்த கல் உருண்டைகளையும் இதில் சேர்ப்பார்களா? அவை வேண்டுமென்றே உருட்டிச் செய்தவை என்று படித்த நினைவு.

அகழ்வாளன்:
சேர்ப்பார்கள். தொல்லியலாளர்கள் கேத்தி ஷிக்கும் நிக்கோலஸ் டோத்தும் குவார்ட்ஸ் கட்டியைச் சுத்தியலாகச் சில மணி நேரம் பயன்படுத்தியதில் அது தானாகவே உருண்டையாகிவிட்டது. எல்லா உருண்டைக்கும் அதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். திட்டமிட்டுச் செய்தவையும் உண்டு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூழாங்கல்:
கெஷரை விட்டுவிடுகிறேன், அது வலுவான இடம். என் சண்டை கலிபோர்னியாவின் செருட்டி மாஸ்டடானோடு (மாஸ்டடான் என்பது அழிந்துபோன, யானை போன்ற விலங்கு; செருட்டி அது கிடைத்த இடத்தின் பெயர்). 1992-இல் சாலைப் பணியின்போது கிடைத்த எலும்புகள், கூடவே ஐந்து பெரிய கற்கள். 2017-இல் அவை சுத்தியலும் பட்டடையும் என்றும், காலம் 1,30,000 ஆண்டுகள் என்றும் எழுதினார்கள். அமெரிக்கக் கண்டத்தில் மனிதன் இருந்ததற்குப் பலர் ஏற்கும் சான்றுகளில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் காலடித் தடங்களே 23,000 ஆண்டுக்கு மேல் போகவில்லை! அந்த இடத்தில் கனரக இயந்திரங்கள் ஓடியிருக்கின்றன, எலும்பு அதனால் உடைந்திருக்காதா?

பாறைமொழி:
நான் மேலே சொன்ன வண்டல் வாதத்தையேதான் அவர்களும் வைத்தார்கள்: பெரிய கல், மெல்லிய வண்டல், உடைந்த துண்டுகள் கல்லுக்குப் பக்கத்திலேயே கிடந்து பொருந்துகின்றன. இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மண்ணுக்குள் புதைந்த எலும்பின்மேல் வண்டி ஏறினாலும் கல் எலும்பை நொறுக்கும், கல்லும் உடையும், துண்டும் அங்கேயே கிடக்கும்.

அகழ்வாளன்:
ஆனால் எலும்பு முறிந்த விதம்? சுழல் முறிவு, அதாவது எலும்பு பச்சையாக இருக்கும்போது உடைந்த வடிவம். அவர்கள் யானை எலும்பைக் கல்லால் உடைத்துப் பார்த்து ஒப்பிட்டார்களே. அது மனித வேலைதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை, கதவை இழுத்து மூடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

கூழாங்கல்:
கதவு திறந்தே இருக்கட்டும். அங்கே கூரான செதில் கருவி ஒன்றுகூட இல்லை, அதுதான் என்னைத் தடுக்கிறது. எலும்பை உடைக்கத் தெரிந்தவன் இறைச்சியை எதைக் கொண்டு அறுத்தான்?

அகழ்வாளன்:
இறைச்சி போன பிறகு மஜ்ஜைக்காக வந்திருந்தால் அறுக்க வேண்டியதே இல்லை. நான் பார்க்க ஆசைப்படுவது ஒரே ஒரு சோதனை: அதே வகைக் கற்களை அதே மண்ணில் புதைத்து மேலே இயந்திரத்தை ஓட்டி, விழும் தழும்பையும் அந்த ஐந்து கல்லின் தழும்பையும் நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. குவிந்து விழுந்திருக்கிறதா, சிதறி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கூழாங்கல்:
அதற்கு நானும் சம்மதம். சிதறி விழுந்தால் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அகழ்வாளன்:
விட்டுக்கொடுக்கிறேன்.