33550336 என்ற எண்ணை எந்தெந்த வகைகளில் சேர்க்கலாம்?

களுவாஞ்சிக்குடி மாணவி:
எமது பாடசாலையின் கணித தினச் சுவர்ச் சஞ்சிகைக்காக இந்த எண்ணைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்துள்ளது. இது ஐந்தாவது நிறைவெண், அதாவது தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் மீண்டும் தானே வரும் எண் என்பதை அறிவேன். கணிப்பான் இல்லாமல் அதை நிறுவ முடியுமா? இது வேறு எந்த வகைகளுக்குள் அடங்கும்?

காரைதீவு ஆசிரியர்:
முடியும், மகள். எண்ணை 2¹² × 8191 எனக் காரணிப்படுத்துங்கள்; 8191 என்பது 2¹³ − 1 ஆகும். அது முதன்மை எண் எனக் காட்டுவதுதான் உண்மையான வேலை. அதற்கு 8191 இன் வர்க்கமூலமான ஏறத்தாழ 90 வரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. 13 முதன்மை எண்ணாக இருப்பதால், 2¹³ − 1 இன் எந்த முதன்மைக் காரணியை எடுத்தாலும் அது 26 ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 ஆக இருக்க வேண்டும் என்பது பெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து பெறப்படுகிறது. 90 இற்குள் அவ்வாறானவை 53, 79 ஆகிய இரண்டு மட்டுமே. 8191 ஐ 53 ஆல் வகுக்க மீதி 29, 79 ஆல் வகுக்க மீதி 54. ஆகவே அது முதன்மை எண்.

இனி 1 முதல் 4096 வரையுள்ள இரண்டின் வலுக்களின் கூட்டுத்தொகை 8191. அதனை 1 + 8191 ஆல் பெருக்கினால் 26 காரணிகளினதும் கூட்டுத்தொகையாக 67100672, அதாவது எமது எண்ணின் சரியாக இருமடங்கு, கிடைக்கும்.

பிற வகைகளும் இதே வடிவத்திலிருந்தே வருகின்றன. 8191 × 8192 ÷ 2 என எழுதினால் இது 8191ஆவது முக்கோணி எண், அதாவது 1 முதல் 8191 வரையான எண்களின் கூட்டுத்தொகை. 1³ + 3³ + 5³ என்று தொடங்கி 127³ வரையான 64 ஒற்றை எண்களின் கனங்களின் கூட்டுத்தொகையும் இதுவே. துவித முறையில் பதின்மூன்று ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து பன்னிரண்டு பூச்சியங்களும் வரும்.

ஏறாவூர் வாசகர்:
சஞ்சிகையில் வரலாற்றுக்கும் சிறிது இடம் ஒதுக்குங்கள். 6, 28, 496, 8128 ஆகிய நான்கை மட்டும் அறிந்திருந்த பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் நிக்கோமாக்கசு, ஒவ்வோர் இலக்க எண்ணிக்கைக்கும் ஒரு நிறைவெண் உண்டு என்றும், இறுதி இலக்கம் 6, 8 என மாறி மாறி வரும் என்றும் கருதினார். ஐந்தாவது நிறைவெண்ணுக்கு எட்டு இலக்கங்கள் இருப்பதால் முதற்கூற்று வீழ்ந்தது. ஆறாவதான 8589869056 உம் 6 இலேயே முடிவதால் இரண்டாவதும் நிலைக்கவில்லை. இவ்வடிவத்தில் நிறைவெண் கிடைக்க 2ⁿ − 1 முதன்மை எண்ணாக இருக்க வேண்டும்; 11 முதன்மை எண்ணாக இருந்தும் 2¹¹ − 1 ஆனது 23 × 89 ஆகப் பிரிவதனாலேயே நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் இத்தனை பெரிய இடைவெளி.

களுவாஞ்சிக்குடி மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. இலக்கங்களைக் கூட்டினால் 28 வருகிறது, அதுவும் நிறைவெண்ணே. இதற்கும் காரணம் உண்டா, சேர்?

காரைதீவு ஆசிரியர்:
28 வருவது தற்செயலே. 496, 8128 இரண்டிலும் 19 தான் வருகிறது. ஆனால் 9 ஆல் வகுக்கும்போது மீதி 1 வருவது, 6 தவிர்ந்த எல்லா இரட்டை நிறைவெண்களுக்கும் பொதுவான பண்பு. எழுதுவதானால் அதை எழுதுங்கள்.