தக்காளிக் காய் அடியில கறுக்குது, என்ன உரம் போடணும்? (அவசரம்)

குழித்துறை மாடி:
தக்காளி நல்லா காய்க்குது. காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கறுத்து அமுங்கிருது. பத்துல ஆறு காய் இப்படித்தான். உரமெல்லாம் சரியாத்தான் போடுதேன். இன்னும் என்ன போடணும்? சீக்கிரம் சொல்லுங்க.

பாறசாலை அண்ணாச்சி:
தரையா, பையா? பைன்னா என்ன கலவை? "சரியா"ன்னா எந்த உரம், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருக்கா? வெள்ளம் (தண்ணி) எப்ப விடுதீங்க?

மீன் அமிலம்:
லிட்டருக்கு 5 மில்லி மீன் அமிலம், வாரம் ஒருக்கா தெளிங்க. காய்க்கும்.

பாறசாலை அண்ணாச்சி:
அவருக்குக் காய்க்கத்தானே செய்யுது!

தேங்காப்பட்டணம்:
பூஞ்சாணம். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம்.

சரல்மண்:
இதே கேள்விக்கு எத்தனை தடவை எழுதுறது? பழைய பதிவைத் தேடிப் பாக்க ஒருத்தருக்கும் பொறுமை இல்ல. நம்ம பக்கம் மண் புளிப்பு, மழை சுண்ணாம்பைக் கழுவிக் கொண்டு போயிரும். பைக்கு ஒரு கைப்பிடி நீத்துச் சுண்ணாம்பு போடு. முடிஞ்சுது.

குழித்துறை மாடி:
பைதான், 20 லிட்டர். மண் இல்ல. தென்னை நார்க்கழிவு முக்கால், சாணம் கால். வாரம் ஒரு கை அடுப்புச் சாம்பல், ரெண்டு தடவை கடலைப் புண்ணாக்குத் தண்ணி, பிறகு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவுல உள்ள கடை உரம்). முட்டை ஓடும் போட்டாச்சு. வெள்ளம் நேரம் கிடைக்கும்போது.

பாறசாலை அண்ணாச்சி:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். பூஞ்சாணம்னா காயில எந்தப் பக்கமும் வரும். பூ இருந்த நுனி மட்டும் தோல் மாதிரி காஞ்சு அமுங்கினா கால்சியம் காய்க்குப் போகலன்னு அர்த்தம். அது தண்ணியோடதான் ஏறும். தண்ணியை இழுக்கிறது இலை, காய் இல்ல. பை ஒரு நாள் காஞ்சாலும் முதல்ல பட்டினி கிடக்கிறது காய் நுனிதான்.

கழுவாத நார்க்கழிவு கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு பொட்டாசியத்தை விடும். சாம்பலும் பொட்டாசியம். ரெண்டும் சேந்து கால்சியத்தை வேருக்குள்ள விடாது. புண்ணாக்குத் தண்ணியால தழை கூடுது, இலை இன்னும் இழுக்குது. முட்டை ஓடு கரைய புளிப்பு வேணும், சாம்பல் போட்ட பையில அது எங்க? உங்களுக்குக் குறைவு உரத்துல இல்ல.

சாம்பல், புண்ணாக்கு, 19:19:19 மூணையும் நிறுத்துங்க. அடி ஓட்டையில வடியற வரை நல்ல தண்ணி விட்டு ஒருக்கா கழுவுங்க. மறுநாள் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம், செடிக்கு அரை லிட்டர். வாரம் ஒருக்கா, நாலு வாரம். தினமும் காலையில ஒரே நேரத்துல வெள்ளம், மேல சருகு மூடாக்கு. கறுத்த காய் தேறாது, பறிச்சிருங்க.

சரல்மண்:
சுண்ணாம்புலயும் கால்சியம்தானே? இதுக்கு எதுக்கு நைட்ரேட்?

பாறசாலை அண்ணாச்சி:
தரையில நட்டிருந்தா நீங்க சொல்றது சரி. இந்தப் பையில ஏற்கெனவே சாம்பல் காரம். சுண்ணாம்பும் சேந்தா இரும்புச் சத்து கிடைக்காம இளம் இலை மஞ்சளாகும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல கலவையைக் கரைச்சு, பி.எச். தாள் (புளிப்பா காரமான்னு நிறத்துல காட்டும்) வச்சுப் பாத்துட்டுப் பேசுவோம்.

மீன் அமிலம்:
கடைசியில ரசாயனம்தான். இயற்கைன்னு சொல்லிட்டு...

சரல்மண்:
மண்ணே இல்லாத பையில என்னய்யா இயற்கை?

தேங்காப்பட்டணம்:
நார்க்கழிவும் தென்னையில இருந்துதான் வருது.

(இதுக்கு மேல பதினோரு பதில், எல்லாம் இயற்கை பத்தி. தக்காளி பத்தி ஒண்ணும் இல்ல.)

குழித்துறை மாடி:
கால்சியம் நைட்ரேட் வாங்கியாச்சு. மிச்சமிருந்த 19:19:19ஐயும் அதே வாளியில கலக்கினேன். பால் திரிஞ்ச மாதிரி ஆயிட்டு. ஊத்தலாமா?

பாறசாலை அண்ணாச்சி:
ஊத்தாதீங்க. கால்சியமும் 19:19:19ல உள்ள பாஸ்பேட்டும் (மணிச்சத்து) சேந்து கட்டியாயிட்டு, செடிக்கு ரெண்டும் கிடைக்காது. 19:19:19 இப்ப வேண்டாம்னு சொன்னேனே. பின்னால போட்டாலும் தனி வாளி, நாலு நாள் இடைவெளி.

குழித்துறை மாடி:
புதுக் காய்ல கறுப்பு இல்ல. நன்றி.

தோவாளை:
எனக்க வழுதலங்காய்லயும் (கத்தரிக்காய்) இப்படித்தான் இருக்கு. என்ன போடலாம்?