நோமென் நெஞ்சே: மூன்று சீரில் நின்ற அடி

மண்டபத்திலிருந்து, தமிழாசிரியை:

யாப்புப் பயிற்சிக்காகக் குறுந்தொகையின் நான்காம் பாட்டை வகுப்பில் அலகிட்டு, அசை அசையாகவும் சீர் சீராகவும் பிரித்துக்கொண்டிருந்தேன். காமஞ்சேர் குளத்தார் பாடிய நான்கே அடிகள்: 'நோமென் நெஞ்சே நோமென் நெஞ்சே / இமைதீய்ப் பன்ன கண்ணீர் தாங்கி / அமைதற் கமைந்தநங் காதலர் / அமைவில ராகுதல் நோமென் நெஞ்சே'. இமையைத் தீய்ப்பது போன்ற கண்ணீரைத் துடைத்து நம்மோடு பொருந்தியிருந்த காதலர் இன்று பொருந்தாதவரானதால் நெஞ்சு நோகிறது என்கிறாள் தலைவி. 'நோமென் நெஞ்சே நோமென் நெஞ்சே' என்னும் முதலடியின் நான்கு சீர்களும் தேமா, அதாவது நேர் நேர், என்று எழுதியதும், விசைப்படகில் செல்பவரின் மகள் ஒருத்தி, "அழுறப்ப மூச்சு இழுக்குற மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள். பிறகு 'அமைதற் கமைந்தநங் காதலர்' என்று வாசித்தவள், நான்காம் சீர் இல்லாமல் அடி முடிந்த வெற்றிடத்தில் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள். போனவருக்கு உரிய இடம் அது என்று நான் சொல்லிவிட்டேன். சொன்னது முறைதானா என்பது இன்றும் உறுத்துகிறது.

தொண்டியிலிருந்து:

முறையன்று, அம்மா. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பா என்னும் இப்பாவகையின் இலக்கணம். புறநானூற்றில் வேந்தனின் வெற்றியைப் புகழும் பாட்டிலும் அது குறைந்தே நிற்கும், அங்கே யார் யாரைப் பிரிந்தார்? இப்பாட்டின் துயரம் சொல் மீளும் முறையில் இருக்கிறது. 'அமைதற்கு', 'அமைந்த' என்று இருமுறை பொருந்தி வந்த வேர்ச்சொல், மூன்றாம் முறை 'அமைவிலர்' என்று எதிர்மறையாகத் திரும்புகிறது. எங்கள் அப்பத்தா ஒப்பாரியில் ஒரே அடியை இருமுறை உரக்கப் பாடிவிட்டு, மூன்றாம் முறை குரலைத் தாழ்த்துவார். தலைவியின் மூன்றாவது 'நோமென் நெஞ்சே'யைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

கீழக்கரையிலிருந்து:

வளைகுடாவிலிருந்த வாப்பாவுக்கு உம்மா ஒலிநாடாவில் பேசி அனுப்பும்போது, "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்" என்று இரட்டித்துச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வருகிறது. தொண்டிக்காரர் சொன்ன விதி சரியே. ஆனால் விதி கொடுத்த குறையடியைக் 'காதலர்' என்ற சொல்லில் நிறுத்தியது புலவரின் தேர்வு என்பதை அவர் ஏனோ விட்டுவிட்டார்.

ஆசிரியைக்கு ஒன்று, அவர் கேட்கவில்லை என்றாலும். சந்தி பிரித்து, சொற்களைத் தனித்தனியே அச்சிட்ட பதிப்பை வைத்து அலகிடச் சொல்லாதீர்கள். 'இமைதீய்ப் பன்ன' என்பதைப் பிரித்தால் 'இமை' தனித்து ஓரசையாகிவிடும். சொல்லைச் சீராக எண்ணும் பிள்ளைகளுக்கு முதலடி ஆறு சீராகத் தோன்றும். இமை, அமை, அமை என்று பின் மூன்றடிகளிலும் வரும் எதுகையை அவர்களே வட்டமிடட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'அமைதற்கு அமைந்த நம் காதலர்' என்று பிரித்தால் நான்கு சொற்கள் வந்துவிடுகின்றன. அந்தப் பெண் அந்தப் பதிப்பைக் கையில் வைத்திருந்தால், விரல் வைக்க அங்கே வெற்றிடமே இருந்திராது.