சூதுபவள மணியில் வெள்ளைக் கோடு: பழசா புதுசா, எப்படிக் கண்டுபிடிப்பது?

செபராங்வாசி:
பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒரு சூதுபவள (கார்னீலியன் என்ற செந்நிறக் கல்) மாலை விற்பனைக்கு இருக்கிறது. பீப்பாய் வடிவ மணிகள், மேலே வெள்ளை வட்டமும் கோடும். சிந்து சமவெளிக் கல்லறையில் எடுத்ததாம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருக்கிறது. மணிக்குச் சேதம் வராமல் எதைப் பார்க்க வேண்டும்?

துளைநோக்கி:
அண்ணே, முதலில் துளையைப் பாருங்கள். கோடு பெரிய சாட்சி ஆகாது. சலவைச் சோடாவைச் செடிச் சாற்றில் குழைத்து, கல்லில் வரைந்து, தணலில் சுட்டால் கோடு வெளுத்துவிடும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துச் செவான் ஊரில் ஒரு முதியவர் இதைச் செய்துகாட்டியதைத் தொல்லியலாளர் எர்னஸ்ட் மக்கே 1930களில் எழுதிவைத்திருக்கிறார். இன்றும் செய்யலாம். கோடு மேடாக நகத்தில் தட்டினால் மட்டும் அது வெறும் பெயின்ட்.

துளையின் ஒரு வாயில் கைபேசி விளக்கை வைத்து, பக்கவாட்டில் பாருங்கள். சூதுபவளம் ஒளியை விடும். சிந்துக் கைவினைஞர்கள் கல் துரப்பணத்தால் இரு பக்கமிருந்தும் துளைத்தார்கள். அதனால் நடுவில், இரண்டு துளைகளும் சேரும் இடத்தில், ஒரு சின்னப் படி நிழலாகத் தெரியலாம். உட்சுவர் வழவழப்பாக மின்னும். சோதனையில் இப்படித் துளைத்தபோது ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2.5 மி.மீ.தான் இறங்கியது. 3 செ.மீ. நீளத்துக்கு 12 மணி நேரம்! வைர முனை என்றால் சுவரில் நுண்ணிய வளையக் கீறல்கள் விழும். குஜராத்தில் மணி செய்யும் காம்பாத் ஊரில் இன்றைக்கும் அந்த முனைதான், எனவே அந்தக் கீறல் வயதைச் சொல்லாது. வாய் கூர்மையாக, துளை கடைசிவரை ஒரே அகலமாக இருந்தால் இயந்திர வேலை என்று சந்தேகப்படுங்கள்.

தேய்மானம்: பழைய மாலையில் மணியும் மணியும் உரசும் முனைகள்தான் அதிகம் தேயும். உடம்பு முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தால் மணலோடு உருட்டி மங்கவைத்திருப்பார்கள்.

செபராங்வாசி:
துளைக்குள் மண் இருக்கிறது. வினிகரில் கழுவிப் பார்க்கலாமா?

துளைநோக்கி:
வேண்டவே வேண்டாம். கல் தாங்கும். ஆனால் உள்ளே படிந்த சுண்ணாம்பு கரைந்து போய்விடும், இருக்கிற ஒரே தடயமும் போச்சு. பல்குச்சியால் லேசாகத் தொடுங்கள். பசை போட்டு அடைத்த மண் உதிராமல் ஒரே கட்டியாக வரும்.

மெர்போக்_வழி:
கதையே இடிக்கிறது. ஹரப்பாக் கல்லறைகளில் பானைகள், பெண்களின் கையில் சங்கு வளையல், சில மணிகள்; நகை குறைவு. வெண்கோட்டு மணிகள் பேர் வாங்கியது ஈராக்கில், தொல்லியலாளர் வூலி தோண்டிய ‘ஊர்’ (Ur) என்ற பழைய நகரத்தின் அரச கல்லறைகளில். தமிழ்நாட்டில் என்றால் கொடுமணல் கல்லறைகளில் சூதுபவள மணி ஏராளம். முழு மாலையாகச் சிந்துக் கல்லறையிலிருந்து வந்தது என்பவரை நம்பாதீர்கள்.

நிஜமாகவே பழசு என்றால் இன்னும் மோசம். இந்தியாவின் 1972 சட்டப்படி நூறாண்டைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இங்கே மண்ணில் கிடைத்தது என்று பேச்சை மாற்றினால், மலேசியாவின் 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவித்திருக்க வேண்டும். கல்லறையைக் கிளறியவன் எந்த எலும்பின் பக்கத்தில், எந்தப் பானையோடு மணி கிடந்தது என்பதையே அழித்துவிட்டான். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

வாங்காமலே படம் எடுக்கலாம்: துளையின் இரு வாய், பின்னொளியில் பக்கவாட்டு, அருகில் அளவுகோல். இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.